மலைக்குப் போறீங்களா? முதல்ல பையைக் காட்டுங்க!

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு மலை என்றால் அத்திகிரிதான். வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு 24 படி. வேகமாக ஏறினால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. மற்றபடி ஊர் தட்டையோ தட்டை. பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் சைக்கிளில் போனால் மூச்சு வாங்காது.

அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேன் பேசிக்கொண்டு செய்யாறு, ஆரணி, போளூர் வழியாக பர்வதமலைக்குப் போகிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், கலசப்பாக்கம் பக்கம், சுமார் 4,500 அடி உயரத்தில் உச்சி. மேலே மல்லிகார்ஜுன சுவாமி, பிரமராம்பிகை. தென்மகாதேவமங்கலம் வழியாகவும் ஏறலாம், கடலாடி வழியாகவும் ஏறலாம். முதலில் படிக்கட்டு, அப்புறம் கரடுமுரடான கல் பாதை, கடைசியில் செங்குத்துப் பாறையில் அடித்து வைத்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். பழகாதவர்கள் ஏற மூணு, நாலு மணி நேரம். இறங்க கிட்டத்தட்ட அதே நேரம்.

இப்போது அந்த வேனில் இருக்கிற பைகளைக் கொஞ்சம் திறந்து பார்ப்போமா?

தேங்காய், பழம், ஊதுவத்தி, கற்பூரம், அபிஷேகத்துக்குப் பால், பன்னீர், மஞ்சள், எண்ணெய், வஸ்திரம், மாலை. அந்தக் கோயிலில் பக்தர்களே சுவாமியைத் தொட்டுப் பூஜை செய்யலாம் என்பதால் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. சாமி பை நாலு கிலோ இருக்கும். சரி, நமக்கு? "ஒரு பாட்டில் தண்ணி இருக்கு சார். மேல கடை இருக்குமில்ல?"

இதுதான் விஷயமே. சாமிக்கு வேண்டியதைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறோம். நமக்கு வேண்டியதை வேன் கிளம்பின பிறகு யோசிக்கிறோம். அப்படியே யோசித்தாலும் ஏறுவதற்கு என்ன வேண்டும் என்றுதான் யோசிக்கிறோம். இறங்குவதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் தண்ணீர் தீர்ந்திருப்பது, முழங்கால் நடுங்குவது, இருட்டிவிடுவது, செல்போன் சார்ஜ் போய்விடுவது எல்லாமே இறங்கும்போதுதான்! எனவே பை கட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 'சாயங்காலம் நாலு மணிக்கு, பாதி மலையில், கால் வலியோடு உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன தேவைப்படும்?' பை தானாகவே சரியாக அமைந்துவிடும்.

விளையாட்டில்லை. 2024-ம் வருஷம் கோவை வெள்ளியங்கிரி மலையில் ஏறும் பருவத்தில் பக்தர்கள் பலர் மூச்சுத் திணறியும், நெஞ்சு வலி வந்தும் மலையிலேயே இறந்து போனார்கள். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத் தீயில் மாட்டிக்கொண்டு 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2025 ஆகஸ்டில் இதே பர்வதமலையில், இறங்கும்போது திடீர் மழையில் ஓடை பெருக்கெடுத்து இரண்டு பெண்களை அடித்துக்கொண்டு போனது. மூன்றும் வேறு வேறு காரணம். பை மட்டும் எல்லாவற்றையும் தடுத்துவிடாதுதான். ஆனால் பை கட்டுகிறவர் அரை மணி நேரம் உட்கார்ந்து யோசிப்பார் இல்லையா, அந்த யோசனை பல ஆபத்துகளைத் தடுக்கும்.

தண்ணீர்... எத்தனை லிட்டர்?

ஒருவருக்கு மூணு லிட்டர். வெயில் காலமென்றால் இன்னும் ஒன்று. "அவ்வளவு கனமா?" என்பீர்கள். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ, நியாயம்தான். ஆனால் பையிலேயே போகப் போகக் கனம் குறைகிற ஒரே சாமான் தண்ணீர்தான். கஷ்டப்பட்டு ஏறும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வியர்வையாகவே போய்விடும். ஒரே பெரிய பாட்டிலைவிட ஒரு லிட்டர் பாட்டில் மூன்று நல்லது. ஒன்று கவிழ்ந்தாலும், குரங்கு பிடுங்கினாலும் மற்றது இருக்கும். (குரங்கை லேசாக நினைக்காதீர்கள். கையில் தொங்குகிற கேரி பேக் எதுவானாலும் அதற்குத் தன்னுடைய பங்குதான்!)

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் நிற்கும்போது ஒரு லிட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். பாதி வழியிலேயே பாதிக்கு மேல் காலியாகிவிட்டதா? அங்கேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் வழியில் கடைகள் இருக்கும். மற்ற நாளில் இருக்குமென்று நம்பிப் போகாதீர்கள்.

வெறும் தண்ணீரையே மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாலும் தப்பு. வியர்வையில் உப்பும் சேர்ந்து போகிறது. உப்பை ஈடு கட்டாமல் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறி ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் என்று கொண்டுபோய் விடும். அதற்காகத்தான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20.5 கிராம் பொடி. அதில் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், மிச்சம் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். பாக்கெட்டின் மேல் அந்த நிறுவனத்தின் பெயரோடு அளவு போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். லிட்டர் பாக்கெட்டை டம்ளர் தண்ணீரில் கலக்கக் கூடாது. பழ ஜூஸ் டப்பாக்களில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெரிதாகப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்களே, அவற்றில் சர்க்கரைதான் அதிகம். அப்படிப் பெயர் வைக்கவே கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஓ.ஆர்.எஸ். கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. அல்லது இருக்கவே இருக்கிறது உப்புப் போட்ட நீர்மோர். ஆனால் அதை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை ஏன்?

இந்த விஷயத்தில் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோயில் இட்லி என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே! மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய், நல்லெண்ணெய் போட்டு மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேக வைத்தது. சட்னி இல்லாமலே தொண்டையில் இறங்கும், ராத்திரி வரை கெடாது, நசுங்கினாலும் ருசி போகாது. மலைக்கு இதைவிட நல்ல கட்டுச்சோறு எந்த ஊரிலும் இல்லை என்பது என் கட்சி. துணைக்குப் புளியோதரை. கூடவே வறுத்த வேர்க்கடலை, பேரீச்சம்பழம், கடலை மிட்டாய். தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசால் இரண்டும் வெயிலில் சீக்கிரம் கெடும், வேண்டாம். தயிர் சாதம் வேண்டுமென்கிறவர்கள் சாதத்தைப் பாலில் பிசைந்து ஒரு ஸ்பூன் மோர் விட்டு எடுத்துப்போங்கள். மதியத்துக்குள் புளிக்காமல் தோய்ந்திருக்கும். அடிவாரத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவது கூடவே கூடாது. மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொறியுங்கள்.

பட்டு வேண்டாமே, ப்ளீஸ்!

துணியைப் பற்றிக் காஞ்சிபுரத்துக்கே சொல்கிற தைரியம் எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் போகிறோமென்று பட்டுப் புடவையிலும் பட்டு வேஷ்டியிலும் மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். கொசுவம் கடப்பாரையில் மாட்டினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். பெண்களுக்கு சல்வார் கமீஸ் நல்லது. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இழுத்துக் கட்டிவிடுங்கள். புடவைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்கள் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ஆண்களுக்குத் தொளதொள பேன்ட், முழுக்கைச் சட்டை. ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது, தொடையில் உரசிப் புண்ணாக்கும்.

பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். ஏறும்போது அது சுகம். உச்சியில் காற்று அடிக்கும்போது அதே ஈரச் சட்டை நடுக்கம் கொடுக்கும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதனால் பாலிதீன் கவரில் சுற்றி ஒரு காய்ந்த சட்டை பையில் இருக்கட்டும். மெல்லிய நைலான், பாலியஸ்டர் துணிகள் சீக்கிரம் காயும்தான். ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கற்பூரமும் விளக்கும் ஏற்றுகிற இடத்துக்குப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. கோடையில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும்போது காட்டுப் பாதையில் கற்பூரம் ஏற்றவே ஏற்றாதீர்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் ஆரம்பித்த மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. அவற்றையே கோடைத் தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள் என்றால் காரணம் இருக்காதா?

அப்புறம், ஒரு பெரிய பருத்தித் துண்டு. வெயிலுக்கு முண்டாசு, நனைத்தால் கழுத்துக்குக் குளிர்ச்சி, கை பிசகினால் தொட்டில் கட்டு, உட்கார விரிப்பு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மலையேறிகள் சங்கம் 1930-களிலேயே 'பத்து அத்தியாவசியப் பொருட்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. வரைபடம், திசைகாட்டி, டார்ச், தீப்பெட்டி, கத்தி என்று போகும். நல்ல பட்டியல்தான். நம்ம ஊர் துண்டு அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இரண்டு, மூன்று பொருள் குறைந்திருக்கும்!

பை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? இரண்டு தோளிலும் மாட்டுகிற பை. கையில் கூடை, ஒற்றைத் தோள் ஜோல்னா, இடுப்பில் குடம் எதுவும் கூடாது. சங்கிலியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். மொத்தக் கனம் உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாமி சாமான்களை வீட்டுக்கு ஒரு பை என்றில்லாமல் வேனுக்கு ஒரு பை என்று ஆக்கிவிட்டால் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீருக்கு இடம் கிடைக்கும். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

கால்தான் முக்கியம்

தறிக்குழியில் காலை விட்டு மிதித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து நெய்கிறவருக்கும் சரி, ஜவுளிக் கடை கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் சரி, ஒரே நாளில் மலை ஏறுவது உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி. ஏறும்போது நெஞ்சுக்கு வேலை. இறங்கும்போது முழங்காலுக்கும் தொடைக்கும் வேலை. ஒரு மூங்கில் கழி கையில் இருந்தால் இறங்கும்போது முழங்காலின் பாரம் நன்றாகவே குறையும். கடப்பாரைப் படி வரும்போது அதை ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

புது ஷூ வாங்கி நேராக மலைக்குப் போட்டுப் போகாதீர்கள். கொப்புளம் நிச்சயம். ஒரு வாரமாவது ஊரில் போட்டு நடந்து பழக்குங்கள். சாயங்கால நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது விரல் முட்டி முட்டி நகம் கறுத்துவிடும். முதல் நாளே நகத்தை வெட்டிவிடுங்கள். ரப்பர் செருப்பு, ஈரப் பாறையில் காலை வாரிவிடும்.

சிலருக்கு வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டுதல். நம்பிக்கையில் தலையிட நான் யார்? ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்களிடம் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். பல வருஷம் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். பதினோரு மணிப் பாறை சுடுவதும் தெரியாது, முள் தைத்ததும் தெரியாது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் புண் பெரிதான பிறகுதான் தெரியும். வேண்டுதலைக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி நிறைவேற்றிக்கொள்ளலாமே.

மருந்து டப்பா

வீட்டுக்கு ஒன்று போதாது, ஆளுக்கு ஒன்று. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் மாத்திரை ஒருவரிடம், ஆள் வேறிடம் என்று ஆகிவிடும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சட்டைப் பையிலேயே குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம் வைத்திருங்கள். முதுகுப் பையின் அடியில் இல்லை! கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். அன்றைய மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இன்சுலினைத் தொடையில் போட்டுக்கொண்டு ஏறினால் அது வேகமாக ரத்தத்தில் கலக்கும், வயிற்றில் போடுவது நல்லது. வெயிலில் நிற்கும் வேனில் இன்சுலினை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சு மருந்தை மறக்கக் கூடாது. இதய நோய்க்கு நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், டாக்டர் மலை ஏறவே அனுமதித்தாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீர் பிரியும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முன்னதாக டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இன்னொரு கெட்ட பழக்கம், கால் வலிக்கக் கூடாதென்று ஏறும் முன்பே டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரையை விழுங்குவது. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் இவை சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். தேவைப்பட்டால் பாரசிட்டமால் போதும். டப்பாவில் மிச்சம்: பஞ்சு, பேண்டேஜ், சுருள் கட்டுத் துணி, கிருமிநாசினி களிம்பு, கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி, உங்கள் வியாதியும் மருந்தும் வீட்டு போன் நம்பரும் எழுதிய ஒரு சீட்டு.

பாம்புக் கடிக்கு என்று பிளேடு, கயிறு எடுத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தூக்கிப் போடுங்கள்! கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடித்த காலை அசைக்காமல் வைத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து அங்கேதான் இருக்கிறது. அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பது நம்ம மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் என்பது கொசுறுச் செய்தி.

டார்ச் ஆளுக்கு ஒன்று, நெற்றியில் மாட்டுகிற வகையென்றால் உத்தமம். செல்போன் வெளிச்சம் டார்ச் ஆகாது. 108-ஐக் கூப்பிட அதில் சார்ஜ் வேண்டும். ஒரு விசில். ஒரு மெல்லிய மழைக்கோட்டு. ஆனால் மழைக்கோட்டு இருக்கிறதே என்று ஓடையில் இறங்கிவிடாதீர்கள். முழங்கால் அளவு ஓடும் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். மேட்டில் காத்திருந்தால் மலை ஓடை வந்த வேகத்திலேயே வடியவும் வடியும். இடி இடித்தால் இரும்புக் கடப்பாரை, சங்கிலிப் பக்கம் போகவே கூடாது.

ஒத்திகை பாருங்க

கல்யாணத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தம் மாதிரி, பர்வதமலைக்கு முன்னால் திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டு தாண்டி, 565 படி. முழுப் பையையும் மாட்டிக்கொண்டு ஏறிப் பாருங்கள். எந்தப் பட்டை தோளில் அறுக்கிறது, எந்த ஷூ கடிக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அது சுலபமாக இருந்தால் அடுத்தது சோளிங்கர் பெரிய மலை, 1,305 படி. (2024-லிருந்து அங்கே ரோப் கார் இருக்கிறது. அதில் போனால் ஒத்திகை ஆகாது சார்!) ஏறிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நெஞ்சு அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் மாரடைப்பின் அறிகுறியாக வரலாம்.

மலையில் யாருக்காவது தலைவலி, மயக்கம், குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு வந்தால் நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். உளற ஆரம்பித்தால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்ப வாதம். வாயில் எதுவும் ஊற்றாமல், துண்டை நனைத்து உடம்பெல்லாம் போட்டு விசிறி, ஆள் அனுப்பி உதவி கேளுங்கள்.

வீடு திரும்பியதும் அசதியில் அப்படியே படுத்துவிடாதீர்கள். காலைக் கழுவித் துடைத்து, ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அடுத்த மூன்று நாளும் பார்க்க வேண்டும். தொடை வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். அது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற அறிகுறி.

அப்புறம், பையைக் காலி செய்யும்போது பாட்டில்களை எண்ணுங்கள். கொண்டுபோனது மூன்று என்றால் வந்ததும் மூன்றாக இருக்க வேண்டும்.